கேம்போர்னில் எந்தத் தாமஸ் உங்கள் தாமஸ்?

கேள்வி: என் அம்மாவின் தாத்தா தாமஸ், 1890களில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்கு வந்தவர். இங்கேயே ஒரு தமிழ்ப் பெண்ணைத் தேவாலயத்தில் மணந்தார். வீட்டிலுள்ள பைபிளில் அவர் கையெழுத்தும் ‘கேம்போர்ன்’ என்ற ஊர்ப் பெயரும் இருக்கின்றன. இணையத்தில் தேடினால் அதே பெயரில் ஏராளமானவர்கள் வருகிறார்கள். அவருடைய குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? அடுத்த ஆண்டு அங்கே போகவும் எண்ணம்.

பதில்: முடியும். ஆனால் தேடலைக் கார்ன்வாலில் தொடங்காதீர்கள், கோலாரில் தொடங்குங்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது கொள்ளுத்தாத்தாவின் பெயர் அல்ல, அவருடைய தந்தையின் பெயர்.

ட்ரெ, பொல், பென் என்று தொடங்கும் குடும்பப்பெயர்கள் கார்ன்வாலின் ஊர்களையும் பண்ணைகளையும் ஒட்டி வந்தவை. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் குடும்பப்பெயர் ட்ரெவிதிக் என்றிருந்தால் தேடும் வட்டம் தானே சுருங்கிவிடும். தாமஸ், வில்லியம்ஸ், ரிச்சர்ட்ஸ் போன்றவை தகப்பன் பெயரே குடும்பப்பெயராக நிலைத்தவை. ஒரே ஊரில், ஒரே வயதில், ஒரே பெயருள்ள நான்கைந்து சுரங்கத் தொழிலாளிகள் இருப்பது அங்கே சாதாரணம். பலரும் இந்த இடத்தில்தான் வேறொருவர் தாத்தாவைச் சொந்தமாக்கிக்கொள்கிறார்கள்.

தந்தையின் பெயர் திருமணப் பதிவில் கிடைக்கும். தங்கவயல் தேவாலயத்தின் மூலப் பதிவேட்டை முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் கட்டணத்துக்குப் பார்க்கக் கிடைக்கிறது. எல்லாச் சபைகளின் பதிவும் லண்டன் போய்ச் சேரவில்லை. ஆகவே மூலப் பதிவேட்டைத் தேடுவதில் சலிப்படையாதீர்கள்.

தந்தையின் பெயரும் மணமகனின் வயதும் கையில் வந்ததும் கார்ன்வாலுக்குப் போகலாம். இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும். இங்கே ஒரு பொறி: கேம்போர்னில் பிறந்தவர்கள் அந்த அட்டவணையில் ‘ரெட்ரூத்’ என்றே வருவார்கள். கேம்போர்ன் அப்போது ரெட்ரூத் பதிவு மாவட்டத்தில் இருந்தது. ஊர் வேறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அட்டவணை, பதிவு செய்த காலாண்டு வாரியாக இருக்கும். பிறந்து 42 நாள் வரை பதிவு செய்யலாம் என்பதால், மார்ச்சில் பிறந்த குழந்தை அடுத்த காலாண்டில் இருக்கலாம்.

பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1851 முதல் ஒவ்வொருவரின் பிறந்த ஊரும் எழுதப்பட்டிருக்கிறது. உங்களுக்கு வேண்டியவை 1871, 1881, 1891. இவற்றில் 1881 ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். அந்தத் தாள்களைப் பதறாமல் வாசியுங்கள். தகப்பனுக்கு நேரே தகரச் சுரங்கத் தொழிலாளி என்றிருக்கும், பதினைந்து வயது மகளுக்கு நேரே தாது உடைப்பவள் என்றிருக்கும். சுரங்க வாசலில் சுத்தியலால் தாது உடைத்த அந்தப் பெண்களைக் கார்ன்வாலில் ‘பால் மெய்டன்’ என்பார்கள். கார்னிஷ் மொழியில் ‘பால்’ என்றால் சுரங்கம். சில வீடுகளில் குடும்பத் தலைவி இருப்பாள், கணவன் இருக்கமாட்டான். அங்கே வெட்டியெடுத்த செம்பின் விலை 1866இல் சரிந்த பிறகு ஆஸ்திரேலியா, மெக்சிகோ, அமெரிக்கா என்று ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கோலார்ச் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனமும் கார்ன்வால்காரர்களை அழைத்துவந்தது.

1837க்கு முன்னே போக ஞானஸ்நானப் பதிவேடுகள் உதவும். 1813 முதல் அவை அச்சிட்ட படிவங்கள், பக்கத்துக்கு எட்டுக் கட்டம். பெற்றோர் பெயர், வசிப்பிடம், தந்தையின் தொழில் மூன்றும் கிடைக்கும். ஒரே பெயருள்ளவர்களைப் பிரித்தறிய வசிப்பிடக் கட்டத்தைவிட நம்பகமான கருவி வேறில்லை என்பது என் அனுபவம். கார்ன்வால் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் என்ற தன்னார்வலர்களின் தளம் இவற்றைப் படியெடுத்து இலவசமாகத் தருகிறது. ஊர்த் தேவாலயத்தில் பெயர் இல்லையென்றால் மெதடிஸ்ட் சபைப் பதிவேடுகளைத் தேடுங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, கார்ன்வாலின் குவெனாப் பள்ளத்தில் பிரசங்கித்த மண் அது. சுரங்கத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் அந்தச் சபையார்.

நேரில் போகும்போது ரெட்ரூத்தில் உள்ள கிரெசன் கெர்னோ ஆவணக் காப்பகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பழைய மதுவடிப்பு ஆலையைப் புதுப்பித்து 2019இல் திறந்தார்கள். வேண்டிய ஆவணங்களை முன்பே இணையத்தில் பார்த்துக் குறித்துச் சொல்லிவிட்டுப் போனால் நேரம் மிச்சம். தசமபாகம் என்னும் தேவாலய வரிக்காக 1836 சட்டத்தின்படி வரைந்த வரைபடங்களைக் கேளுங்கள். நிலத்துக்கு உரிமையாளர் யார், குடியிருந்தவர் யார் என்று வயல் வயலாக எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்த கண்ணோடு கேம்போர்ன் பக்கம் நடந்தால், கூரையிழந்து நிற்கும் பழைய சுரங்க எஞ்சின் கூடங்கள் வெறும் இடிபாடாகத் தெரியாது. அந்தச் சுரங்க நிலப்பரப்பு 2006 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்.

ஒன்றை மறக்க வேண்டாம். தங்கவயல் திருமணப் பதிவில் மணப்பெண்ணின் தந்தை பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு. உங்கள் கொள்ளுப்பாட்டியின் ஊர்வழியைத் தேட அந்த ஒற்றைப் பெயரே முதல் துப்பாக அமையலாம். அதையும் எழுத்து மாறாமல் படியெடுத்துக்கொள்ளுங்கள்.