லினக்ஸுக்கு மாறப் போகிறீர்களா? இயங்குதளத்தைக் கடைசியில் மாற்றுங்கள்

கேள்வி: வீட்டில் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே கணினிதான். விண்டோஸ் 10 ஓடுகிறது. 11-க்கு மாறத் தகுதியில்லை என்று வருகிறது. லினக்ஸ் போட்டுவிடலாமா? மாறியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மாறலாம். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச இயங்குதளம். எங்கள் வீட்டில் 2020-இலிருந்து லினக்ஸ்தான். அப்பா, கணவர், மகள், நான் என்று நாங்களும் நான்கு பேர், ஒரே கணினி. நான் கணினித் துறையில் இல்லை. மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. ஆனால் நான் மாறிய விதத்தில் நீங்கள் மாற வேண்டாம். அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. அந்த வாரக் கடைசியிலேயே கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, கணினியை முழுவதும் அழித்து, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 19.3-ஐ நிறுவினேன். அரை மணி நேர வேலை. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை அப்பா தன் குறிப்புகளைத் திறந்தார். பதினைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிச் சேர்த்தவை. தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நின்றன. "எல்லாம் போச்சாம்மா?" என்று கேட்டார். அவர் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

எதுவும் போகவில்லை. ஆனால் அது எனக்குப் புரியவே இரண்டு நாள் ஆனது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறை பரவலாவதற்கு முன் வந்த தமிழ் ஃபான்ட்கள் (எழுத்துருக்கள்) ஒரு தந்திரம் செய்தன. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தன. பாமினி ஃபான்ட்டில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் உண்மையில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். அந்த ஃபான்ட் இருக்கும் கணினியில் அது 'அம்மா'வாகத் தெரியும். இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குவியல். ஆவணங்களை நகலெடுத்த நான் ஃபான்ட்களை நகலெடுக்கவில்லை. அவை விண்டோஸ் கோப்புறைக்குள் தனியாக இருந்தன, அழிந்துவிட்டன. அப்பாவின் நண்பர் ஒருவரிடம் அதே ஃபான்ட்கள் இருந்தன. வாங்கி வந்து, ஒவ்வொரு கோப்பாக இருமுறை சொடுக்கி 'நிறுவு' என்று கொடுத்ததும் எழுத்துகள் திரும்பி வந்தன. லினக்ஸிலும் அந்த ஃபான்ட்கள் வேலை செய்யும் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது.

இதில் லினக்ஸின் தவறு எதுவும் இல்லை. அவசரம் என்னுடையது. அப்போது கற்றதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்: இயங்குதளத்தை முதலில் மாற்றாதீர்கள். விண்டோஸில் இருந்துகொண்டே மென்பொருள்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லோரும் பழகிய பிறகு அடியில் இருக்கும் தளத்தை மாற்றினால், வீட்டில் பாதிப் பேருக்கு மாறியதே தெரியாது.

இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ், ஆபீஸ் வேலைக்கு லிப்ரெஆபீஸ், வீடியோவுக்கு விஎல்சி, மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட், படங்களைத் திருத்த கிம்ப், வரைய இங்க்ஸ்கேப் எல்லாமே விண்டோஸிலும் ஓடுகின்றன. இரண்டு மூன்று மாதம் அவற்றை மட்டும் பயன்படுத்திப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். இடித்தால் திரும்பிப் போகவும் வழி இருக்கும்.

பெரும்பாலும் ஆபீஸ் கோப்புகளில்தான் இடிக்கும். சாதாரணக் கடிதம், அட்டவணை, கட்டுரை எல்லாம் லிப்ரெஆபீஸில் நன்றாகவே திறக்கும். பக்கங்கள் முன்பின் நகர்ந்தால் பெரும்பாலும் காரணம் ஃபான்ட்தான். காலிப்ரி, கேம்ப்ரியா இரண்டும் லினக்ஸுடன் வருவதில்லை. அவற்றுக்குப் பதிலாகக் கார்லிட்டோ, கலாடியா என்று இரண்டு இலவச ஃபான்ட்கள் இருக்கின்றன. எழுத்துகளின் அகலம் அச்சு அசலாக ஒன்றே என்பதால் வரிகள் அதே இடத்தில் உடையும். எக்செல் மேக்ரோக்கள், அதாவது கோப்புக்குள் எழுதி வைக்கும் குட்டி நிரல்கள், வேறு கதை. என் கணவர் வைத்திருந்த ஒரு பெரிய கணக்குக் கோப்பில் பாதி மேக்ரோக்கள் ஓடவில்லை. அவற்றைச் சாதாரண வாய்பாடுகளாக மாற்றி எழுத ஒரு மாதம் ஆனது. மேக்ரோவை நம்பித்தான் உங்கள் வேலையே நடக்கிறது என்றால் இதை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

ஃபோட்டோஷாப்பில் சம்பாதிக்கிறவர் வீட்டில் இருந்தால் அவரை மாறச் சொல்லாதீர்கள். அது லினக்ஸுக்கு வெளியாவதில்லை. கிம்ப் நல்ல மென்பொருள், நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் பத்து வருடக் கைப்பழக்கத்தை ஒரே வாரத்தில் மாற்றிக்கொள் என்று ஒருவரிடம் சொல்வது நியாயமில்லை. விளையாட்டுகள் நிலைமை முன்பைவிட எவ்வளவோ மேல். 2018-இல் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் புரோட்டான் என்ற இணைப்பு மென்பொருள் வந்த பிறகு விண்டோஸ் விளையாட்டுகள் பெருமளவு லினக்ஸிலேயே ஓடுகின்றன. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் உள்ள சில இணைய விளையாட்டுகள் மட்டும் இன்னும் அடம்பிடிக்கும். பிள்ளைகள் விளையாடுவது எது என்று பெயர் கேட்டுத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வன்பொருள். லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இங்கேதான் உதவும். நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். மின்ட்டின் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) பதிவிறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருளைக் கொண்டு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் எழுதுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், கவனம். கணினியைத் தொடங்கும்போது எஃப்12, எஃப்2, எஸ்கேப் போன்ற விசைகளில் ஒன்று, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்குக் கொண்டுபோகும். அங்கே பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் முழுவதும் அதிலிருந்தே எழுந்து வரும். நீங்களாக நிறுவு என்று கொடுக்காதவரை ஹார்டு டிஸ்க்கில் எதுவும் மாறாது.

அப்படி ஓடும்போது ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து சோதியுங்கள். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, வெப்கேமில் முகம் தெரிகிறதா, புளூடூத் ஹெட்செட் சேர்கிறதா. லேப்டாப் என்றால் மூடித் திறந்து பாருங்கள், தூக்கத்திலிருந்து சரியாக எழுகிறதா என்று. இதைப் பலர் சோதிப்பதில்லை, பிறகு தினமும் அவதிப்படுகிறார்கள். பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சடியுங்கள். எங்கள் பிரிண்டர் அச்சடித்தது, அதன் ஸ்கேனர் மட்டும் கடைசிவரை வேலை செய்யவில்லை. இப்போது ஸ்கேன் செய்வது கைப்பேசியில். வைஃபைக்கு டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) தனியாகத் தேவைப்பட்டால், அதைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் (கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் வசதி) போட்டால் பெரும்பாலும் உடனே இணையம் வந்துவிடும். மின்ட்டில் இருக்கும் டிரைவர் மேனேஜர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். வேகத்தை மட்டும் பென்டிரைவில் ஓடுவதை வைத்து எடைபோடாதீர்கள்.

வேகம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் லினக்ஸ்காரர்கள் இதில் மிகையாக வாக்குக் கொடுக்கிறார்கள். பழைய கணினி லினக்ஸில் புதிதுபோல ஓடும் என்பார்கள். இயங்குதளம் இலகுவாகும், உண்மை. ஆனால் பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்தால் அது எந்தத் தளத்திலும் ரேமை விழுங்கத்தான் செய்யும். எங்கள் கணினியில் 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க். லினக்ஸ் போட்டதில் கொஞ்சம் வேகம் கூடியது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலும் பாகம் இல்லாத, வேகமான எஸ்எஸ்டி மாட்டி, ரேமை 8 ஜிபி ஆக்கியபோதுதான் வீட்டில் எல்லோரும் வித்தியாசத்தைச் சொன்னார்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை முதலில் செய்யுங்கள். அதில் இன்னொரு வசதியும் உண்டு: பழைய டிஸ்க்கைக் கழற்றி அப்படியே பத்திரமாக வைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டியில் லினக்ஸ் நிறுவலாம். பிடிக்காவிட்டால் பழையதை மாட்டினால் போதும். டிஸ்க்கைப் பிரித்து இரண்டு தளங்களையும் வைப்பதைவிட இது எனக்கு நிம்மதியான வழியாகப் படுகிறது.

ஒரே டிஸ்க்கில் இரண்டையும் வைக்கத்தான் வேண்டும் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் மறையாக்கம் (டிஸ்க்கைச் சாவியிட்டுப் பூட்டும் வசதி) போட்டிருக்கிறதா என்று பார்த்து அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பில் கை வைத்த பிறகு அது சாவியைக் கேட்கக்கூடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுவதுமாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் டிஸ்க்கில் அதற்கான பகுதியில் (பார்ட்டிஷன்) லினக்ஸ் எழுத மறுக்கும், மறுப்பதும் சரிதான். மூன்றாவது சின்னது: இரண்டுக்கும் மாறி மாறிப் போகும்போது கடிகாரம் தப்பாகக் காட்டும். விண்டோஸ் கணினியின் கடிகாரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒற்றை வரிக் கட்டளை இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

எந்த லினக்ஸ் என்பதில் அதிக நாள் செலவழிக்க வேண்டாம். விண்டோஸிலிருந்து வருகிறவர்களுக்கு மின்ட் போதும். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, கண் தேடும் இடத்தில் எல்லாம் இருக்கும். 4 ஜிபி ரேம்தான் என்றால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, அதற்கு மேல் இருந்தால் சினமன் பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும்.

நிறுவிய அன்றே டைம்ஷிஃப்டை இயக்கிவிடுங்கள். ஏதாவது அப்டேட் கெடுத்துவிட்டால் நேற்றைய நிலைக்குக் கணினியைத் திருப்ப அது உதவும். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் காப்பது அதன் வேலை இல்லை. அதற்கு வெளி டிஸ்க்கில் தனி பேக்கப் வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்குத் திறந்து கொடுங்கள். மென்பொருள் நிறுவும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் அது இப்போது மகளிடம் இருக்கிறது.

தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையும் அதனுடன் எம்17என் தொகுப்பும் வேண்டும். தமிழ்99 விசைப்பலகை உண்டு, ஆங்கில ஒலிப்பில் அடிக்கும் முறையும் உண்டு. நிறுவிய பிறகு ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால்தான் பட்டியலில் தெரியும். இது தெரியாமல் நான் மூன்று முறை நீக்கி நீக்கி நிறுவினேன். பழைய ஃபான்ட்களின் விசைப்பலகைக்குப் பழகிய அப்பா தமிழ்99-க்கு வர இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு மாதம் பொறுமையாக இருங்கள், வயதானவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

இவ்வளவு பாடுபட வேண்டுமா, புதுக் கணினி வாங்கிவிட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். வாங்கலாம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். உங்கள் கணினியில் அது இல்லை, அவ்வளவுதான். கணினி கெட்டுப் போகவில்லை. நன்றாக ஓடும் இயந்திரத்தை ஒரு தேதி வந்ததும் தூக்கிப் போடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. "இதை யார்மா செய்றாங்க, ஏன் காசு கேக்கல?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்ததையும், 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் மையமான கர்னலை வெளியிட்டதையும், அது யாரும் படித்து, திருத்தி, பகிரக்கூடிய உரிமத்தோடு வருவதையும் சொன்னேன். "அப்ப நானும் திருத்தலாமா?" என்றாள். திருத்தலாம் என்றேன். ஒரு மென்பொருளின் தமிழ் மொழிபெயர்ப்பில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த பதிப்பில் அந்தச் சொல் திருத்தமாக வந்தபோது அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு லினக்ஸ் என்றால் அதுதான்.

உங்களுக்கு அவகாசம் அதிகமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை புதுப்பிப்பு வரும் என்று அறிவித்தார்கள். ஆனாலும் லிப்ரெஆபீஸை நிறுவுவதில் தொடங்குங்கள். அதற்கும் முன், இன்றைக்கே, சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.