முழங்கை வலிக்கிறது, எந்த டென்னிஸ் மட்டை வாங்கலாம்?

கேள்வி: எனக்கு 39 வயது. மூன்று வருடமாக வாரத்துக்கு நான்கு நாள் காலையில் டென்னிஸ் ஆடுகிறேன். ஆட்டம் கொஞ்சம் தேறியதும், ஸ்பின் (பந்தின் சுழற்சி) கூடும் என்று பாலியஸ்டர் ஸ்ட்ரிங்கை 56 பவுண்டு இழுவிறைப்பில் கட்டிக்கொண்டேன். இரண்டு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. எடை குறைந்த மட்டைக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: எடை குறைந்த மட்டை வேண்டாம். புது மட்டைக்கே இப்போது அவசரம் இல்லை. முதலில் அந்த ஸ்ட்ரிங்கை அறுத்து எடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. தண்ணீர் நிறைந்த சொம்பின் விளிம்பை, உள்ளங்கை கீழே பார்த்தபடி பிடித்துத் தூக்கிப் பாருங்கள். முழங்கையின் வெளி எலும்பருகே சுருக்கென்று வலித்தால் அங்கே ஒட்டியிருக்கும் தசைநாண் நொந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். எந்த மட்டையும் இதைக் குணப்படுத்தாது. ஆறிய கையை மறுபடி நோகவிடாமல் காப்பதுதான் அதன் வேலை.

இப்போது ஸ்ட்ரிங். பாலியஸ்டர் விறைப்பான சரக்கு. பந்து மோதும்போது அது கொடுத்து வாங்காது, அதிர்ச்சி நேராகக் கைக்கு வரும். டிவியில் பார்க்கும் ஆட்டக்காரர்கள் அதையே கட்டுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் புதிதாகக் கட்டிக்கொள்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் கையில் பாலியஸ்டர் சீக்கிரம் அறுந்து போகாது, அதனால் மாற்றவும் தோன்றாது. இருபது மணி நேர ஆட்டத்துக்குள் உயிர் போய்விட்ட ஸ்ட்ரிங்கை ஆறு மாதம் அடித்துக்கொண்டிருப்போம். உங்கள் கையில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மல்டிஃபிலமென்ட் கேளுங்கள். மெல்லிய இழைகள் ஏராளமாகச் சேர்ந்து ஒரே ஸ்ட்ரிங்காக முறுக்கியது அது. வில்சன் என்எக்ஸ்டி, டெக்னிஃபைபர் எக்ஸ்-ஒன் பைஃபேஸ் இரண்டும் நம்பி வாங்கக்கூடியவை. 50 பவுண்டில் கட்டச் சொல்லுங்கள். பந்து கட்டுக்கு மீறிப் பறக்கிறது என்றால் அடுத்த முறை இரண்டு பவுண்டு ஏற்றிக்கொள்ளலாம். மாட்டுக் குடலில் செய்யும் நேச்சுரல் கட் இதைவிட மென்மை. ஆனால் விலை கூடுதல், ஈரம் பட்டால் கெட்டுவிடும். ஃபெடரர் நெடுக்கில் நேச்சுரல் கட் ஸ்ட்ரிங்கும் குறுக்கில் பாலியஸ்டரும் கட்டினார். கையில் உணர்வதைப் பெரும்பாலும் நெடுக்கு ஸ்ட்ரிங்தான் தீர்மானிக்கிறது. ஸ்பின்னை விட மனமில்லை என்றால், கை முழுதாக ஆறிய பிறகு இந்த வழியைப் பார்க்கலாம்.

சரி, மட்டைக்கு வருவோம். 260 கிராம் மட்டையைக் கடையில் சுழற்றினால் சுகமாகத்தான் இருக்கும். மைதானத்தில் வேகமாக வரும் பந்து அதைப் பின்னால் தள்ளும், நீங்கள் பிடியை இறுக்குவீர்கள், அந்த இறுக்கம் முழங்கையில் போய்ச் சேரும். எடை உள்ள மட்டை அதிர்ச்சியில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். தேறிவரும் ஆட்டக்காரருக்கு ஸ்ட்ரிங் இல்லாமல் 290 முதல் 305 கிராம், 100 சதுர அங்குலத் தலை, எடை பிடிப்பக்கம் சாய்ந்திருப்பது பொருந்தும்.

அடுத்து மட்டையின் சட்டம், அதாவது ஃபிரேம், எவ்வளவு விறைப்பு என்பது. ஆர்ஏ என்ற எண்ணால் குறிப்பார்கள். 70ஐ ஒட்டியிருந்தால் விறைப்பு, 65க்குக் கீழே இருந்தால் உங்கள் கைக்கு நல்லது. 2019ல் வந்த வில்சன் கிளாஷ் 100 ஏறக்குறைய 55தான், எடை 295 கிராம். பந்து எங்கே பட்டது என்பது அதில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும் என்று சிலருக்குக் குறை உண்டு. ஹெட் கிராவிட்டி எம்பி அந்த வகையில் தெளிவு. என்னைக் கேட்டால் இந்த இரண்டையும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தேட வேண்டும்.

பிடியின் அளவைப் பலர் கவனிப்பதே இல்லை. மட்டையை ஆட்டத்தில் பிடிப்பதுபோலப் பிடியுங்கள். மோதிர விரல் நுனிக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவே இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் சரியாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பிடி சிறிது. ஓர் ஓவர்கிரிப் (பிடியின் மேல் சுற்றும் மெல்லிய பட்டை) சுற்றினால் அரை அளவு கூடும். எல்2, அதைவிட ஓர் அளவு பெரிய எல்3 என்ற இரண்டு பிடி அளவுகளுக்கும் நடுவே தடுமாறினால் எல்2 வாங்குங்கள். பிடியைப் பெரிதாக்கலாம், செதுக்க முடியாது.

ஸ்ட்ரிங்கில் மாட்டும் ரப்பர் டாம்பனர் சத்தத்தைத்தான் குறைக்கும், முழங்கைக்கு அதனால் பலன் இல்லை. பேக்ஹேண்டில் பந்தைத் தாமதமாக, மணிக்கட்டை மடக்கி அடிக்கும் பழக்கம் இருந்தால் கோச்சிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் மட்டையை ஒரு வாரமாவது இரவல் வாங்கி ஆடுங்கள். அதில் என்ன ஸ்ட்ரிங், எத்தனை பவுண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிட ராலியில் எல்லா மட்டையும் நன்றாகத்தான் இருக்கும். ஆடிய மறுநாள் காலை, அதே சொம்பைத் தூக்கிப் பாருங்கள்.