82 சதவீதம் இருந்தும் வேலை இல்லை

கேள்வி: என் மகன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கை 82 சதவீதத்தோடு முடித்தான். நான்கு கம்பெனிகளில் ‘செய்முறை தெரியவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்லூரியில் என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள்?
– வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கோபம் நியாயமானது அம்மா. கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலை நேர்முகத் தேர்வில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். வந்த பையனிடம் ஒரு ஷாஃப்டையும் (இயந்திரத்தில் சுழலும் உருளைத் தண்டு), நுட்பமாக அளக்கும் கருவியான வெர்னியர் காலிப்பரையும் கொடுத்து, விட்டம் எவ்வளவு தம்பி என்று கேட்டோம். மீச்சிற்றளவு, அதாவது அந்தக் கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.02 மில்லிமீட்டர் என்று பட்டென்று சொன்னவன், கருவியின் தாடைகளை மூடி பூஜ்ஜியம் பொருந்துகிறதா என்று பார்க்காமலேயே அளந்தான், அதுவும் ஷாஃப்டைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு. கை நடுங்கியது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பல கல்லூரி லேப்களில் ஒருவர் அளப்பார், சுற்றி நிற்பவர்கள் அந்த எண்ணை ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். கம்பெனிகள் மீதும் தப்பு இருக்கிறது. பயிற்சிக்குச் செலவழிக்க மாட்டோம், ஆனால் முதல் நாளே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்றால் எப்படி?

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி பட்டதாரிகளும் உதவித்தொகையோடு ஓராண்டு தொழிற்சாலையில் பயிற்சி பெறலாம். தென் மாநிலங்களுக்கு இதைக் கவனிப்பது சென்னை தரமணியில் உள்ள பயிற்சி வாரியம், ஆன்லைனிலேயே பதியலாம். படிப்பை முடித்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டால் சேர முடியாது, அதனால் இந்த வாரமே பதியச் சொல்லுங்கள். அப்புறம், சொந்தமாக ஒரு வெர்னியர் வாங்கிக் கொடுங்கள், வீட்டில் கையில் கிடைப்பதையெல்லாம் அளக்கட்டும்.