ஸ்காட்லாந்துக் கிராமப் பெயர்களின் மூலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய வரைபடங்களை நம்பலாமா?

வரைபடத்தை நம்பலாம். அதிலுள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள்.

பெர்த்ஷயரில் உள்ள பிட்லாக்ரியையே பாருங்கள். ஆங்கிலக் கண்ணோடு பார்த்தால் 'பிட்' குழி, 'லாக்' ஏரி. இரண்டுமே தப்பு. 'பிட்' என்பது ஸ்காட்லாந்தின் மறைந்துபோன பழைய மொழியான பிக்டிஷின் 'பெட்', அதாவது நிலப்பங்கு. மிச்சம் கல் நிறைந்த இடத்தைக் குறிக்கும் கேலிக் (ஸ்காட்லாந்தின் கெல்டிக் மொழி) சொல். அதன் முதல் 'க்' தேய்ந்துபோனதால் ஏரி மாதிரித் தெரிகிறது. கேலிக் பேசுபவர்கள் 'பிட்'டை எடுத்துவிட்டு, ஊர் என்று பொருள்படும் 'பாலெ'யை வைத்துத்தான் சொல்கிறார்கள். அதனால் கேலிக் வடிவத்தை முதலில் தேடுங்கள்.

அடுத்தது அழுத்தம், அதாவது பெயரைச் சொல்லும்போது எந்த அசை ஓங்கி ஒலிக்கிறது என்பது. உள்ளூர்க்காரர் சொல்லக் கேளுங்கள். கேலிக் கூட்டுப்பெயரில் பொதுச்சொல் (ஊர், முகத்துவாரம் போன்றது) முன்னால், அது எது என்று சொல்லும் அடைச்சொல் பின்னால். அழுத்தம் பின்னதில் விழும்: இன்வர்-நெஸ் (நெஸ் ஆற்றின் முகத்துவாரம்). வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியில் தலைகீழ். லூயிஸ் தீவின் லாக்ஸ்டேலில் (சால்மன் மீன் பள்ளத்தாக்கு) அழுத்தம் முதல் அசையில்.

'கில்' என்று தொடங்கினால் தேவாலயம் என்று அவசரப்படாதீர்கள். கில்மோரி மேரியின் தேவாலயம். ஆனால் கில்லிக்ராங்கியில் இருப்பது 'காடு' என்ற சொல். பக்கத்தில் பழைய கல்லறைத்தோட்டமோ பெயரில் புனிதரோ உண்டா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பெயர்ப் பதிவேடுகள் (1845–1880) பொக்கிஷம்தான். வரைபடப் பெயர், மாற்று எழுத்துக்கூட்டல்கள், அவற்றுக்குச் சாட்சி, இருப்பிடம், விவரம் என ஐந்து பத்தி (மேலிருந்து கீழாகப் போகும் கட்டம்). பலரும் முதல் பத்தியோடு நிறுத்திவிடுவார்கள். மூன்றாவதைப் படியுங்கள்: அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரர், எஸ்டேட் மேனேஜர், பாதிரியார், பள்ளி ஆசிரியர். அந்த நிலத்தை உழுதவன் வாயில் பெயர் எப்படி இருந்தது என்பது வேறு கதை. இரண்டாம் பத்தியில் ஒதுக்கப்பட்ட வடிவம் பல நேரம் கேலிக்குக்கு நெருக்கமாக இருக்கும். இன்னும் பழைய காலத்துக்குப் போக வில்லியம் ராயின் ராணுவ வரைபடம் (1747–55), டச்சு வரைபடப் பதிப்பாளர் பிளாவின் அட்லஸ் (1654) உண்டு. பிளாவின் அட்லஸ் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அச்சுத் தகட்டைச் செதுக்கியவர்கள் மூல வரைபடத்தின் கையெழுத்தைத் தப்பாகப் படித்திருக்க வாய்ப்புண்டு. ஒரே ஒரு வரைபடத்தில் மட்டும் வரும் வடிவத்தின்மேல் எதையும் கட்டாதீர்கள்.

நீங்களே பதிவு செய்வதானால் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஆண்டு, ஆவணம், கிரிட் எண் (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் எண்), ஒலிப்பதிவு என்று தனித்தனி வரி. ஒரே பண்ணைக்கு இரண்டு உச்சரிப்பு கிடைத்தால் இரண்டையும் எழுதுங்கள், யார் எதைச் சொன்னார் என்பதோடு.