வெஸ்டர்ன் கதையில் பெண்ணுக்கு என்ன வேலை?

கேள்வி: டெக்ஸ் வில்லரின் கௌபாய் சாகசங்களை, அதாவது வெஸ்டர்ன் காமிக்ஸைப் படித்து வளர்ந்தவன் நான். இப்போது பெண்கள் நாயகியராக வரும் வெஸ்டர்ன் கிராஃபிக் நாவல்களே என்னை அதிகம் ஈர்க்கின்றன. ‘காலத்துக்கேற்பத் திணித்த சரக்கு’ என்று நண்பர் கேலி செய்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? பன்னிரண்டு வயது மகளுக்கு எதைத் தரலாம்?

பதில்: உங்கள் நண்பர் வரலாற்றை டெக்ஸின் தொப்பி நிழலில் நின்று பார்க்கிறார் போலும். அமெரிக்காவில் 1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம், இருபத்தொரு வயது நிரம்பிய மணமாகாத பெண்களும் விதவைகளும் தம் பெயரிலேயே 160 ஏக்கர் வரை நிலம் கோர இடமளித்தது. அடிமையாகப் பிறந்த மேரி ஃபீல்ட்ஸ், அறுபது வயதைக் கடந்தபின் 1895-இல் மொன்டானாவில் தபால் வண்டி ஓட்டத் தொடங்கினார். இப்படி அங்கே வாழ்ந்தவர்களைத்தான் பழைய சித்திரக்கதைகள் சமையலறையிலும் சலூன் எனப்படும் மதுக்கூடத்தின் மாடியிலும் நிறுத்திவைத்தன.

உங்கள் ஈர்ப்புக்கு நான் காணும் காரணம் வேறு. ஆண் நாயகன் சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால், ஏன் வந்தாய் என்று கேட்பவனைத் துப்பாக்கி பார்த்துக்கொள்ளும். அதே கதவை ஒரு பெண் தள்ளும்போது உள்ளே அத்தனை தலைகளும் திரும்ப, துப்பாக்கி உறையிலிருந்து வெளிவரும் முன்பே மோதல் தொடங்கிவிடுகிறது. அந்தத் தலைகளை வசனமே இல்லாமல் ஒரே அகலமான கட்டத்தில் வரைந்துவிடலாம் என்பதால், சித்திர வடிவம் இதற்கு இயல்பாகப் பொருந்துகிறது.

ஆனாலும் நாயகியின் பெயர் அட்டையில் இருந்தால் மட்டும் போதாது. 1969-இல் தொடங்கிய, க்ரெக் எழுதி ஹெர்மன் வரைந்த ‘கமான்சே’ தொடரில் பண்ணையும் நாயகி கமான்சேயுடையது, தலைப்பும் அவளுடையது. சாகசமோ பெரும்பாலும் அவள் பண்ணையில் வேலை பார்க்கும் ரெட் டஸ்டுக்கே போய்விடுகிறது. ஒலிவியே பொக்கேயும் ஆன்லோரும் படைத்த ‘லேடீஸ் வித் கன்ஸ்’ அப்படியல்ல. தப்பியோடிய அடிமைச் சிறுமி, பூர்வகுடிப் பெண், ஆங்கிலேய விதவை, பாலியல் தொழிலாளி, ஓய்வுபெற்ற ஆசிரியை என ஒட்டவே வாய்ப்பில்லாத ஐவர் ஒன்றுசேரும் விதம், துப்பாக்கிச் சத்தத்தைவிட எனக்குச் சுவையாக இருந்தது.

நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: வெஸ்டர்ன் இல்லைதான், ஆனால் 1984-இல் தமிழில் லயன் காமிக்ஸ் தன் முதல் இதழையே சாகசக்காரி மாடஸ்டி ப்ளைஸியை நாயகியாக்கித் தொடங்கியபோது அவர் முகம் சுளித்தாரா?

மகளுக்கு ‘லேடீஸ் வித் கன்ஸ்’ இப்போது வேண்டாம், ரத்தம் அதிகம். நகைச்சுவைக் கௌபாய் லக்கி லூக்கின் ‘கலாமிட்டி ஜேன்’ ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். மேசையில் முழங்கை ஊன்றிக் கை மடக்கும் போட்டியில் ஒரு சலூனையே வென்றுவிடும் ஜேனுக்கு நாகரிகம் கற்பிக்க வரும் பேராசிரியர் படும் பாட்டை, மகளே உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள்.