ஆலம்பரையை இடித்தது காலமா?

அன்புள்ள ஐயா,

பொங்கல் விடுமுறையில் கடப்பாக்கம் அருகே உள்ள ஆலம்பரைக் கோட்டைக்குக் கல்லூரி நண்பனோடு போயிருந்தேன். கார் அவனுடையது. காலத்தின் கோரப்பிடியில் சிதைந்து கிடந்த அந்தச் சுவர்களைப் பார்த்து நான் கண்கலங்கி நிற்கிறேன். அவனோ ‘இந்த இடிஞ்ச செவுத்துக்கா இவ்ளோ தூரம்?’ என்று சொல்லிவிட்டுக் காரில் போய்ப் படுத்துவிட்டான். கட்டட வேலையில் இருப்பவன், ரசனை கிடையாது. தாம்பரம் வரும்வரை நாங்கள் பேசவே இல்லை. இந்த மாதிரி இடங்களுக்குத் தனியாகப் போவதுதான் நல்லதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லீவு நாளில் உங்களுக்காக அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்த மனிதர் கொஞ்சம் படுத்தது ஒரு குற்றமா? இன்றைக்கே அவருக்கு போன் செய்யுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். ‘காலத்தின் கோரப்பிடி’. எந்தக் கோட்டையைப் பற்றி எழுதினாலும் இதைத்தான் எழுதுகிறோம். கொஞ்ச நாளாக இதே நினைப்பாக இருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது.

ஆலம்பரையைக் காலம் இடிக்கவில்லை. 1750இல் ஐதராபாத் நிஜாம் முசாபர் ஜங் அதை பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூர் பக்கம் இருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலி தோற்றார். அதே வருஷம் ஆங்கிலேயர் ஆலம்பரையைப் பிடித்தார்கள், இடித்தார்கள். அடுத்த வருஷம் புதுச்சேரி விழுந்தது, அதையும் இடித்தார்கள். பழிக்குப் பழி. தேதி இருக்கிறது, ஆள் இருக்கிறான். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பழியைக் காலத்தின் மேல் போட்டால் எப்படி?

உப்புக்காற்று அரிக்காதா என்பீர்கள். அரிக்கும்தான். 2004 சுனாமியிலும் அந்தக் கோட்டைக்கு அடி விழுந்தது. ஆனால் இதே கடற்கரையில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் நிற்கிறதே. 1845இல் அதை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கிய இடத்தை யாரும் வெடி வைத்து இடிப்பதில்லை. அப்புறம் பழுது பார்க்கவும் ஆள் இருந்தது. உப்புக்காற்று அங்கேயும்தான் அடிக்கிறது.

இதை எனக்குக் காட்டியவர் ஒரு கொத்தனார். என் பால்ய நண்பர். சுனாமிக்குப் பல வருஷம் முன்னால் இருவரும் பஸ்ஸில் கடப்பாக்கம் போய், அங்கிருந்து மணலில் நடந்தோம். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கடல் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். “நகம் எறங்கல பாரு” என்றார். சாந்தில் வெள்ளையாக ஏதோ மினுங்கியது. சிறு கிளிஞ்சல் ஓடு, வரிகூட அழியாமல் அப்படியே இருந்தது. “கிளிஞ்சல் சுண்ணாம்பு. இது ஒண்ணு மட்டும் சூளையில வேகாமத் தப்பிச்சிருக்கு” என்று அதைத் தடவிக் கொடுத்தார்.

பிறகு மணலில் சாய்ந்து கிடந்த ஒரு பெரிய பாளத்தைக் காட்டினார். செங்கல்லும் சாந்தும் விட்டுப் போகாமல் ஒரே துண்டாகக் கிடந்தது. “தானா விழுற செவுரு கல்லு கல்லா உதிரும்டா. இது பாளமாப் பேந்து விழுந்திருக்கு. எவனோ வேணும்னே சாய்ச்சிருக்கான்.” டூப்ளே, லாலி என்ற பெயர்களையெல்லாம் அவர் கேட்டதுகூட இல்லை. புத்தகத்தில் இதைப் படித்திருந்த நான் அந்தப் பாளத்தின் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

கட்டட வேலையில் இருப்பவருக்கு ரசனை இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அந்த இடத்துக்குக் கூட்டிப்போக அவரை விடச் சரியான ஆள் யார்? நீங்கள் அவரிடம் என்ன காட்டினீர்கள்? சூரியன் மறைவதையா?

மறுபடியும் அவரோடு போங்கள். கோரப்பிடி, கண்ணீர் எதுவும் வேண்டாம். சுவர்ப் பக்கம் கூட்டிப்போய், “இது எப்படிடா விழுந்திருக்கும்?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.