பெயின்ட் அடிக்கும் முன் கல்லைப் படியுங்கள்

கேள்வி: எங்கள் ஊர்ச் சந்திப்பில் நிற்கும் போர் நினைவுக்கல்லில் ‘1119 ஆனி’ என்பதும் சில பெயர்களும் மட்டுமே தெரிகின்றன. மற்றதைப் பெயின்ட் மூடிவிட்டது. இதன் வரலாற்றை எழுத எங்கே தொடங்குவது? புதிதாகப் பெயின்ட் அடிக்கலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: தயவுசெய்து இப்போது அடிக்காதீர்கள். ஆழமில்லாத எழுத்து மூன்று பூச்சிலேயே தூர்ந்துவிடும். ஆசிட் ஊற்றுவதும் கம்பி பிரஷால் தேய்ப்பதும் அதைவிடக் கெடுதல். ஆசிட் பட்டால் கல்லில் உள்ள இரும்பு பழுப்புக் கறையாக வெளிவரும். சுண்ணாம்புச் சாந்தும் கரையும். பாசியைத் தண்ணீரில் ஊறவைத்து, மூங்கில் சீவலாலும் தேங்காய் நாராலும் எடுங்கள். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து அப்போது நிழலோடு எழும்பும்.

1119 என்பது அன்றைய திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு. ஆங்கில ஆண்டு காண, ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824ஐயும், ஆங்கிலப் புத்தாண்டு முதல் ஆடி வரை 825ஐயும் கூட்ட வேண்டும். எனவே 1119 ஆனி, 1944 ஜூன்–ஜூலை. எல்லா மாதத்துக்கும் 825 கூட்டி ஓராண்டு பிசகுவதுதான் வழக்கமான தவறு. அது கல் நட்ட நாளா, வீரர் இறந்த நாளா என்பதை வாசகம் முழுவதையும் படித்தே முடிவு செய்யுங்கள்.

பெயர்களுக்கு, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். ஆங்கில எழுத்துக்கூட்டல் கன்னாபின்னாவென்று இருக்கும். ஆகவே பெயரோடு நிற்காமல் தந்தை பெயர், ஊர், ‘திருவிதாங்கூர்’ ஆகியவற்றை ஒப்பிடுங்கள். வீரரின் படை எண் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. வீட்டில் பதக்கம் இருந்தால் விளிம்பைப் பாருங்கள், அந்த எண் அங்கே வெட்டப்பட்டிருக்கலாம். பென்ஷன் புத்தகத்தையும் கேளுங்கள். தந்தை பெயரைச் சரிபார்க்க ஆலய ஞானஸ்நானப் பதிவேடு உதவும். இரண்டாம் உலகப்போருக்கு அந்தப் பட்டியல் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களுக்கு மட்டுமே. அதில் பெயர் இல்லை என்பதற்காக ஊர்க் கல்லில் உள்ள பெயரைச் சந்தேகிக்க வேண்டாம். பர்மாவில் இறந்து கல்லறை அறியப்படாதவர்கள் ரங்கூன் நினைவிடத்திலும், மலேயா, சிங்கப்பூர் பக்கம் இறந்த அத்தகையோர் சிங்கப்பூர் நினைவிடத்திலும் பொறிக்கப்பட்டிருக்கிறார்கள்.

கேள்வி: கடற்கரையோர நினைவுத்தூணின் பீடத்தில் வெள்ளையாக மாவு பூக்கிறது. சிமென்ட் பூசினால் நிற்குமா?
– வாசகர், மணவாளக்குறிச்சி

பதில்: நிற்காது. அது உப்பு. சிமென்ட் ஈரத்தை உள்ளே அடைக்கும். ஈரம் மேலேறிப் பெயர் வெட்டிய கல்லைப் பொரிய வைக்கும். முதலில் உலர்ந்த பிரஷால் தட்டி எடுத்துவிடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். பழைய சிமென்ட்டைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள். பீடத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் வாட்டம் கொடுங்கள்.

கேள்வி: குளச்சல் போரில் பிடிபட்ட டிலனாயின் கல்லறை எங்கே?
– வாசகர், தக்கலை

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள், இடிந்த சிற்றாலயத்தில். 1741இல் டச்சுக்காரர் தோற்றபோது பிடிபட்டவர், பின்பு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படையைப் பயிற்றுவித்து, 1777இல் இறந்தார். கல்லறையில் தமிழும் லத்தீனும் வெட்டப்பட்டுள்ளன. மாலைச் சாய்வெயிலில் போனால் படிக்க எளிது.